சிவப்புத் துணி கட்டிய கம்பி

ஜூன் 10, திங்கள்

சுகாதார நிலையத்து டாக்டரம்மா சொன்னதால் எழுதுகிறேன். "பிரஷர் இவ்ளோ ஏறியிருக்கு. வாயால கத்துறத பேப்பர்ல கத்துங்க அமுதவல்லி" என்றாள். என்னைவிடப் பத்து வயசாவது சின்னவள். மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதானே? சரி, கத்துகிறேன்.

இன்று பள்ளி திறந்தது. என் மகள் மோனிஷா பிளஸ் டூ. பாலம் கட்டுகிறோம் என்று மார்ச்சிலேயே பஸ்ஸையெல்லாம் வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் அவள் பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பம் தெரியும், அவ்வளவு கிட்டம். எங்கள் தெருவில் கண்ணை மூடிக்கொண்டு சைக்கிள் ஓட்டலாம். பள்ளிக்கூடத் தெருவும் அப்படித்தான். நடுவில் இருப்பது அந்தப் பெரிய ரோடு ஒன்றுதான். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி பூராவும் அதில். தெருமுனையில் ஏறி, லாரிகளோடு லாரியாகப் பெட்ரோல் பங்க் வரை போய், அங்கே நடுச்சுவரில் விட்டிருக்கும் சந்தில் திரும்பிக் கடக்க வேண்டும்.

"நடந்து போனா இன்னா?" என்கிறார் என் வீட்டுக்காரர் தணிகாசலம். அவருக்கென்ன, விடிவதற்குள் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. ஓரம் முழுக்க நிறுத்தி வைத்த லாரிகள். இரண்டு லாரிக்கு நடுவில் வயசுப் பெண் நுழைந்து நுழைந்து போனால் என்ன நடக்கும் என்று மோனிஷாவுக்குத்தான் தெரியும். ஏப்ரலில் ஒரு நாள் அப்படி நடந்து போய்விட்டு வந்து, துப்பட்டாவைத் திரும்பத் திரும்பத் துவைத்தாள். என்ன நடந்தது என்று கேட்டேன். சொல்லவில்லை.

அதனால் சைக்கிள். அரசாங்கம் கொடுத்தது, இத்தனை நாளும் மாடிப்படிக்குக் கீழே சும்மா கிடந்தது. நானும் என் சைக்கிளில் கூடவே போய் விட்டுவிட்டு வருவேன். நான் சத்துணவு அமைப்பாளராக இருக்கும் பள்ளி எங்கள் தெருப்பக்கமே இருக்கிறது, நேரம் போதும். ரோட்டில் அவள் உள்பக்கம், நான் வெளிப்பக்கம். என்னை இடித்துவிட்டுத்தான் எவனும் அவளை இடிக்க முடியும்.

ஜூன் 11, செவ்வாய்

ஒரு தண்ணி லாரிக்காரன் காதோடு காதாக ஹாரன் அடித்தான். மோனிஷா ஹேண்டில் பாரை விட்டுவிட்டுக் காதைப் பொத்தினாள். "வூட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கேட்டுக்கொண்டே போகிறான் எருமை. நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

ஜூன் 14, வெள்ளி

எங்களுக்கு முன்னால் ஒரு நாய் அடிபட்டது. முன் சக்கரம் ஏறியும் சாகவில்லை. பின் சக்கரம் ஏறியதும் செத்தது. மோனிஷாவின் வெள்ளை சாக்ஸில் தெறித்தது. சைக்கிளை நிறுத்திவிட்டு வாந்தி எடுத்தாள். பின்னால் அத்தனை பேரும் ஹாரன் அடிக்கிறான்கள். பொதுத்தேர்வு வருஷத்தில் நாய்க்கெல்லாம் அழுதால் ஆகுமா? "ஏறு, மிதி" என்றேன். ஏறினாள்.

இன்று பள்ளியில் குழந்தைகளுக்கு முட்டை. அழுகின முட்டை ஒரு தட்டு வந்திருந்தது. கொண்டு வந்தவனைத் திட்டினேன், தட்டோடு திருப்பி அனுப்பினேன். நல்ல முட்டை வந்தது.

ஜூன் 19, புதன்

வெள்ளைக் கார் ஒன்றின் கண்ணாடி என் முழங்கையில் அடித்துவிட்டுப் போனது. சுளீர் என்றது. எனக்கு வந்ததே கோபம்! அவன் போய் எங்கே நிற்பான்? பெட்ரோல் பங்க் சந்தில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. பிடித்துவிட்டேன்.

"எறங்குடா" என்றேன்.

"ஏம்மா, லேடீஸேன்னு பாக்குறேன்" என்றான் ஏசியைக் கூட அணைக்காமல்.

"பாக்காத. எறங்கு."

இறங்கவில்லை. சைக்கிள் பூட்டுச் சங்கிலியைக் கழற்றி அந்தக் கண்ணாடியிலேயே ஒரு போடு போட்டேன். இரண்டாவது போட்டில் கழன்று தொங்கியது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கதவைத் திறந்தவன் மறுபடி சாத்திக்கொண்டான். மோனிஷா என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "ம்மா, வாம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்று அழுதாள். பார்க்கட்டுமே. பார்க்கத்தானே செய்தேன்.

முழங்கை வீங்கியிருக்கிறது. ஆனால் மதியம் நன்றாகப் பசித்தது, இரண்டு முறை சாதம் போட்டுச் சாப்பிட்டேன்.

ஜூன் 20, வியாழன்

பிரஷர் பார்க்கப் போகவில்லை. ஏறித்தான் இருக்கும்.

ஜூன் 26, புதன்

சந்தில் திரும்பும்போது மோனிஷா நட்டநடுவில் பிரேக் போட்டு நின்றுவிட்டாள். காலை ஊன்றிக்கொண்டு மரம் மாதிரி நிற்கிறாள். எதிரே வந்த கண்டெய்னர் கிறீச்சிட்டு அவள் முன் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. ரப்பர் கருகின நாற்றம். டிரைவர் மேலிருந்து என் அம்மா, பாட்டி எல்லோரையும் இழுத்துத் திட்டினான். அவளை ஓரத்துக்கு இழுத்து வந்து கன்னத்தில் மெதுவாகத் தட்டினேன்.

சாயங்காலம் வரை சிவந்துதான் இருந்தது. வெயில்.

அவர் பார்த்துவிட்டார். "கன்னத்துல இன்னா?"

"அம்மா ரோட்டுல அடிச்சாங்க" என்றாள் இவள், நான் பக்கத்தில் நிற்கும்போதே.

அவர் அதிகம் பேச மாட்டார். "இது சரிப்படாது அமுதா. அரக்கோணத்துல எங்கக்கா வூட்ல விட்டுர்லாம். பத்து வூடு தாண்டி ஸ்கூலு. ரோடே கெடையாது" என்றார்.

ரோடு கிடையாதுதான். அக்கா மகன் இருக்கிறானே, மீசையை முறுக்கிக்கொண்டு! போன பொங்கலுக்கு வந்தபோதே அவர் அக்கா மோனிஷாவை மருமகளே என்று கூப்பிட்டாயிற்று. அங்கே விட்டால் பரீட்சை முடிந்ததும் மணவறை. என்னை அப்படித்தான் அனுப்பினார்கள், பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று என் கையில் மருதாணி. என் பெண் நர்சிங் படிக்க வேண்டும். இந்த ஒரு ரோட்டைக் கடக்க முடியவில்லை என்பதற்காக அவள் அடுப்படிக்குப் போவாளா? விட மாட்டேன்.

சொம்பை எறிந்தேன். அவர் மேல் இல்லை, சுவர் மேல். அவர் அங்கே நின்றிருந்தார்.

ஜூலை 2, செவ்வாய்

இன்று ஒரு அதிசயம் பார்த்தேன். மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரர் ஒருவர் கட்டிட வேலைக் கம்பியை ஏற்றிக்கொண்டு மிதித்துப் போகிறார். கம்பி வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, நுனியில் சிவப்புத் துணி. வேட்டியை மடித்துக் கட்டிய ஒல்லி ஆள், பீடி வேறு பிடிக்கிறார். அத்தனை கண்டெய்னரும் அவருக்கு ஒதுங்கிப் போகிறது! காரெல்லாம் தள்ளித் தள்ளிப் போகிறது! என் உயிருக்கு ஒதுங்காதவன், தன் பெயிண்டுக்கு ஒதுங்குகிறான்.

அட, இது தெரியாமல் போயிற்றே.

ஜூலை 3, புதன்

பாலம் வேலை நடக்கிற இடத்தில் வளைந்த கம்பி, துண்டுக் கம்பி எல்லாம் குவித்துப் போட்டிருக்கிறார்கள். என் கை நீளத்துக்கு மேல் ஒன்று எடுத்தேன். சைக்கிள் கேரியரில் குறுக்காக வைத்து, ரப்பர் டியூப் கிழித்து இறுக்கிக் கட்டினேன். முழுக்க வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. என் பழைய ஜாக்கெட் துணி சிவப்பு, அதை நுனியில் கட்டினேன்.

ரோடு எங்களுக்கு வழி விட்டது! சத்தியமாக. தண்ணி லாரி தள்ளிப் போனது. ஆட்டோக்காரன் ஒருத்தன், "யக்கா, இன்னாக்கா சண்டைக்குப் போறியா?" என்று சிரித்தான். ஆமாம்டா. ஒரு நீலக் கார் மட்டும் பழைய திமிரில் ஒட்டிக்கொண்டு வந்தது. கீய்ங் என்று கதவு நீளத்துக்கும் கோடு விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சில்லென்றது. கல்யாணத்தில் கூட இத்தனை சந்தோஷம் இல்லை.

மோனிஷா பள்ளி வாசலில், "இது தப்பு இல்லையாம்மா?" என்றாள். "உன்னை இடிக்கிறது தப்பு இல்லையா?" என்றேன். உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 8, திங்கள்

படை சேர்ந்துவிட்டது. எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் அதே பள்ளிக்குப் போகிற பெண்கள் நான்கு பேர், "ஆன்ட்டி, நாங்களும் உங்க பின்னால வரோம்" என்று வந்து நின்றார்கள். இரண்டு பேர் ஒரு மாதமாகப் பள்ளிக்கே போகவில்லையாம், ரோட்டுக்குப் பயந்து. அவர்களை வரிசையாக இடப்பக்கம் விட்டு, நான் வலப்பக்கம் நடுவாக வருகிறேன்.

அதில் சபீனா என்று ஒருத்தி, மோனிஷாவின் வகுப்பு. வாய் ஓயாது. எப்போதும் கடைசியில்தான் வருவாள், நாங்கள் ரோட்டில் ஏறின பிறகு ஓடி வந்து ஒட்டிக்கொள்வாள். "எங்கம்மா பரோட்டா சுடுறதுக்குள்ள உங்க ராணுவம் கெளம்பிடுது ஆன்ட்டி" என்கிறாள். அவள் வந்ததும் மோனிஷா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நாளாயிற்று.

ஜூலை 11, வியாழன்

பைக்கில் வந்த பொறுக்கி ஒருத்தன் பெண்கள் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்லிக்கொண்டே எங்களை உரசிப் போகப் பார்த்தான். கம்பி அவன் முழங்கையைக் கிழித்துவிட்டது. நல்ல கிழி. வண்டியை நிறுத்தி, ரத்தம் சொட்டச் சொட்ட ஓடி வந்தான். "ஏய் கெய்வி, அறிவு கீதா உனக்கு?" என்று என் ஹேண்டில் பாரைப் பிடித்தான். பிடித்த கையைக் கடித்தேன். ஆமாம், கடித்தேன். உப்புக் கரித்தது. பெண்கள் எல்லாம் கத்தியதில் பயந்து போய்விட்டான்.

மோனிஷா வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள். "ம்மா, கம்பிய எடுத்துடும்மா. அந்தாளுக்கு எவ்ளோ ரத்தம் பாத்தியா?"

"வரட்டும்."

"சபீனா வரும்போது அவ மேல பட்டுச்சுன்னா?"

"அவளை சீக்கிரம் வரச் சொல்லு."

சாயங்காலம் கம்பியின் நுனியைத் துணி துவைக்கிற கல்லில் தேய்த்தேன். துரு போகத்தான். இன்னும் கொஞ்சம் வெளியே இழுத்தும் கட்டினேன்.

ஜூலை 16, செவ்வாய்

லாரிதான்.

ஜூலை 17, புதன்

டாக்டரம்மா சொன்னாளே என்று எழுதுகிறேன்.

நேற்று நாங்கள் ரோட்டில் ஏறிப் பாதி தூரம் போயிருந்தோம். பின்னாலிருந்து "ஆன்ட்டி, நில்லுங்க, நில்லுங்க" என்று சபீனா. எங்கே நிற்பது அந்த ரோட்டில்? பின்னால் வந்து இடப்பக்கம் சேர்ந்திருக்க வேண்டும். இடமில்லாமல் என் வலப்பக்கமாக ஏறி வந்தாள். அப்போது கண்டெய்னர் வந்தது. லாரி உரசியது, அவள் விழுந்தாள். அவ்வளவுதான் நடந்தது. என் சைக்கிள் ஏன் அப்படி வலப்பக்கம் இழுபட்டது என்று கேட்டால், காற்று. கண்டெய்னர் தாண்டும்போது காற்று இழுக்கும், சைக்கிள் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். அவள் புத்தகப் பையின் வார் அறுந்து கிடந்தது. விழுந்ததில் அறுந்திருக்கும்.

பின் சக்கரம் அவள் இடது காலில் ஏறி நின்றது. அந்தச் சத்தத்தை எழுத முடியாது. அவள் கத்தக் கூட இல்லை. "ஆன்ட்டி, என் காலு எங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

டிரைவர் குதித்து ஓடி வந்தான். இருபத்தைந்து வயசு கூட இருக்காது. தெற்கத்திப் பேச்சு. "யக்கா, நான் இடிக்கலக்கா. தள்ளித்தாங்க்கா போனேன். அந்தக் கம்பிய பாருங்கக்கா, பிள்ள அதுல மாட்டில்லா விழுந்துச்சு" என்று என் சைக்கிளைக் காட்டினான்.

முதலில் அடித்தது நான். கையில் மோனிஷாவின் டிபன் கேரியர் இருந்தது, அதால் வாயிலேயே அடித்தேன். "கம்பி" என்று அவன் மறுபடி சொன்னான், மறுபடி அடித்தேன். மூடி கழன்று சாம்பார் அவன் சட்டையெல்லாம் வழிந்தது. அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆட்டோக்காரர்கள், பங்க்கில் வேலை செய்கிறவர்கள், யார் யாரோ. செருப்பு, கல், ஹெல்மெட். தடுப்புச் சுவரில் அவன் தலையை வைத்து மோதினார்கள். ஒரு காது தொங்கியது. அவன் அப்புறம் எதுவும் சொல்லவில்லை. நான் நிறுத்தச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

சபீனாவை நான்தான் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினேன். அதையும் எழுத வேண்டும்.

ஜூலை 18, வியாழன்

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சபீனாவின் அம்மா மும்தாஜ் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ இல்லாங்காட்டி என் புள்ள அங்கயே போயிருப்பாக்கா. அந்தப் படுபாவி நாசமாப் போக" என்று அழுதாள். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். குடித்தேன். அந்தப் படுபாவியும் அதே ஆஸ்பத்திரியில்தான், மாடியில், போலீஸ் காவலில். தாடையில் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்களாம், பேச முடியாதாம்.

வீட்டுக்கு வந்து சைக்கிளிலிருந்து கம்பியைக் கழற்றிக் கால்வாயில் எறிந்தேன். துருப்பிடித்துப் போயிருந்தது.

ஜூலை 19, வெள்ளி

மோனிஷா சாப்பிடவில்லை. பேசவில்லை. சத்துணவுக்கு இன்று கொண்டைக்கடலை, அரை உப்பாகிவிட்டது.

ஜூலை 20, சனி

ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் வந்தார். "டிரைவர் மேல கேஸ் ஆயிருச்சும்மா. நீங்களும் பாப்பாவும் திங்கக்கெழம வந்து பாத்தத சொல்லிட்டுப் போயிடுங்க, முடிஞ்சுது" என்றார். ஸ்டேஷனும் ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான், பங்க்குக்கு எதிரே.

அவர் போனதும் மோனிஷா வாயைத் திறந்தாள். நான்கு நாள் கழித்து.

"லாரி இடிக்கலம்மா."

"நீ முன்னால போன. உனக்கு இன்னா தெரியும்?"

"சபீனா கூப்டான்னு திரும்பிப் பாத்தேன். அவ பை வாரு கம்பில மாட்டுச்சு. நீ மிதிச்சினே இருந்த. அவள இழுத்து லாரி கீழ போட்டது நம்ம சைக்கிளு."

"வாய மூடு."

"அந்த அண்ணன் கரெக்டா தள்ளித்தான் வந்தாரு. அவர நீ அடிச்ச."

கை ஓங்கினேன். அவள் நகரவே இல்லை. கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். "அடி. எனக்கு லாரின்னா கூட இவ்ளோ பயமில்லம்மா. காலைல உன்கூட கெளம்பணும்னு நெனச்சாத்தான் பயம்" என்றாள்.

என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அரக்கோணம் என்று ஆரம்பித்தார். "நான் எங்கயும் போவலப்பா. இங்கதான் படிப்பேன்" என்றாள் மோனிஷா.

அடிக்கவில்லை. இந்த முறை நிஜமாகவே அடிக்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

மோனிஷா யூனிபார்மைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டாள். நான் எல்லோருக்கும் நல்லதுக்குத்தானே செய்தேன்? இரண்டு பெண்கள் என்னால்தான் மறுபடி பள்ளிக்குப் போனார்கள். அதையாவது யாராவது சொல்ல மாட்டார்களா? அந்த டிரைவரின் அம்மா ஊரிலிருந்து வந்து ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருக்கிறாளாம். பூரி சுட்டேன். யாரும் தொடவில்லை.

ஜூலை 22, திங்கள்

காலையில் மோனிஷா பையை மாட்டிக்கொண்டு சைக்கிளை வெளியே எடுத்தாள். "மொதல்ல ஸ்டேஷன். பாத்தத சொல்லிட்டு ஸ்கூலுக்குப் போறேன்" என்றாள். அப்பாவிடம் சொன்னாள், என்னிடம் இல்லை. அவர் லீவு போட்டிருந்தார். "நானும் வரட்டா?" என்றார். "வேணாம்பா, நானே போறேன்" என்றாள்.

நான் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். தெருமுனையில் நின்றுவிட்டேன். அவள் ரோட்டில் ஏறினாள். ஓரத்தில் ஒண்டவில்லை, தனக்கென்று ஒரு லாரி அகலம் இடம் எடுத்துக்கொண்டு நேராகப் போனாள். பின்னால் ஹாரன் அடிக்கிறான்கள், அவள் காதைப் பொத்தவில்லை. சந்து வந்ததும் வலது கையை நன்றாக நீட்டினாள். ஒரு கண்டெய்னர் உறுமிக்கொண்டே வேகம் குறைந்து நின்றது. கடந்துவிட்டாள். பிரேக் போடவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. என் பெண் அந்த ரோட்டைத் தனியாகக் கடந்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. வேண்டும் வேண்டும் என்று நான் கேட்டதெல்லாம் இதைத்தானே.

ஸ்டேஷன் வாசலில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே போனாள். நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

நானும் போக வேண்டும். அந்த டிரைவர் பிள்ளை மேல் ஏறி இருக்கிற பழியை நான்தான் இறக்க வேண்டும், மோனிஷா இல்லை. அது எனக்குத் தெரியும். ரோட்டில் ஏறினேன். எப்படியோ பங்க் வரை போய்ச் சந்தில் திரும்பிக் காலை ஊன்றிக்கொண்டு நின்றேன். வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு லாரிக்காரர், வயசானவர், வண்டியை நிறுத்தி, பின்னால் வருகிறவர்களையும் கை காட்டி நிறுத்தி, "போம்மா, போ" என்றார். நான் அசையவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார். அப்புறம் ஒரு காரும் நின்றது. ஒரு ஆட்டோவும் நின்றது.

திரும்பி வந்துவிட்டேன். வீட்டுக்காரர் கேட்டதற்கு, வண்டிகள் விடவே இல்லை என்றேன்.

விட்டார்கள்.